செம்பு தாங்கிருச்சு, பூச்சுதான் போச்சு

பொண்ணு எலக்ட்ரிக்கல் கேக்குறா, சித்தப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லன்னா வாழ்க்கையே போச்சுங்குறாங்க, ராத்திரி தூக்கம் வரலன்னு சொன்னீங்க. ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லலாம்னுதான் இருந்தேன், ஆனா கடன் வாங்கியாவது அந்த சீட்டைப் புடிச்சிரலாம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் மனசு கேக்கல. வேணாம் சார். படிக்கப்போறது அவ, வட்டி கட்டப்போறது நீங்க, சித்தப்பா ஒரு தவணையாவது கட்டுவாரா?

எரிஞ்ச ஃபேன் மோட்டாரைப் பிரிச்சு, கம்பி மேல எனாமல் எங்க கருகியிருக்குன்னு தேடியிருக்கா. "செம்பு தாங்கிருச்சு, பூச்சுதான் போச்சு"ன்னு அவளே சொன்னா. அது இன்சுலேஷன்காரங்க, அதாவது கரண்ட் வழி மாறிப் பாயாம தடுக்குற பூச்சைப் பாக்குறவங்க கண்ணு சார்.

ஒயரிங், பவர் ஸ்டேஷன் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. ஹை வோல்டேஜ் டெஸ்டிங்னு ஒண்ணு இருக்கு, இன்சுலேஷன் எவ்வளவு வோல்டேஜ் வரைக்கும் தாங்கும்னு சோதிக்குற வேலை, யாரும் பேசுறதில்ல. காத்து ஒரு மில்லிமீட்டருக்கு சுமாரா 3 கிலோவோல்ட்தான் தாங்கும், மைக்கா அதைவிட பல மடங்கு தாங்கும். அதுக்காக தடிமனை ரெண்டு மடங்காக்குனா தாங்குறதும் ரெண்டு மடங்காகும்னு நெனச்சா ஆகாது. உள்ள ஒரு சின்ன காத்துக்குமிழ் மாட்டிக்கிட்டா மின்புலம் அங்க போய் குவியும், பார்ஷியல் டிஸ்சார்ஜ்னு சொல்ற குட்டிக்குட்டி பொறிங்க இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும், வருஷக்கணக்கா சத்தமே இருக்காது, ஒருநாள் டமால்.

ட்ரான்ஸ்ஃபார்மர் ஆயில் டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு அவளுக்குக் காட்டுங்க. கப்புல ஆயில், நடுவுல 2.5 மில்லிமீட்டர் இடைவெளில ரெண்டு எலக்ட்ரோடு, வோல்டேஜ் செகண்டுக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏறும், ஏதோ ஒரு வோல்டேஜ்ல பளிச்னு பொறி, அதுதான் ஆயில் தாங்குற அளவு. ஆறு தடவை செஞ்சு சராசரி எடுப்பாங்க. அதே ஆயில்ல கொஞ்சம் ஈரமும் நார்த்தூசும் சேந்தா போதும், நம்பர் மளமளன்னு எறங்கும், கண்ணுக்கு என்னவோ ஆயில் சுத்தமாத்தான் தெரியும்.

பழைய காலத்து வேலைன்னு மாமா சொல்வாரு. எலக்ட்ரிக் கார் மோட்டாரை இன்வெர்ட்டர் (பேட்டரியோட டிசி கரண்டை மோட்டாருக்கு ஏசியா மாத்துற கருவி) ஓட்டும்போது வேகமான வோல்டேஜ் பல்ஸ் வந்து மோட்டார்ல சுத்தியிருக்குற கம்பியோட பூச்சைத்தான் அடிக்குது, அதைத் தாங்க வைக்க ஆள் வேணும்னு சொல்லுங்க. தொடக்க சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லாம போகலாம், அதை மறைக்க மாட்டேன். கடன் இல்லாம ஆரம்பிச்சா அது பெரிய விஷயமே இல்ல.

காலேஜ் பாக்கப்போறப்ப கட்டடத்தைப் பாக்காதீங்க, ஹை வோல்டேஜ் லேபைத் திறக்கச் சொல்லுங்க. ஆயில் டெஸ்ட் கப்புல தூசி படிஞ்சிருக்கா, டெஸ்ட் முடிஞ்சதும் சார்ஜை எறக்குற எர்த்திங் ராட் கைக்கு எட்டுற எடத்துல தொங்குதா, அதை அவளையே பாக்கச் சொல்லுங்க.