பழைய கைப்பேசியில் பெரிய கேம்கள்: புதிய போன் வாங்குவதா, கிளவுட் கேமிங்கை நம்புவதா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். பப்ஜி மொபைல் ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஜென்ஷின் இம்பாக்ட் நிறுவினால் சேமிப்பிடம் நிறைந்துவிடுகிறது, அரை மணி நேரத்தில் போன் சூடாகித் திணறுகிறது. கிளவுட் கேமிங் சந்தா எடுத்தால் எந்தப் போனிலும் எந்த கேமையும் ஆடலாம் என்கிறார்கள். என் இணைய வேகம் 50 எம்பிபிஎஸ். பப்ஜியில் பிங் 60 மில்லி விநாடிக்குள் இருக்கிறது. இதை நம்பிப் புதிய போன் வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?

பதில்: ஜென்ஷின் இம்பாக்ட்டுக்காக என்றால், கீழே சொல்லும் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். பப்ஜி மொபைலுக்காக என்றால் கிளவுட் கேமிங்கால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. நீங்கள் கேள்விப்பட்ட வாக்கியத்தில் 'எந்தப் போனிலும்' என்ற பாதி பெரும்பாலும் சரி. 'எந்த கேமையும்' என்ற பாதி தவறு. மேலும், நீங்கள் நம்பிக்கையோடு குறிப்பிட்டிருக்கும் இரண்டு எண்களும், அதாவது 50 எம்பிபிஎஸ் வேகமும் 60 மில்லி விநாடி பிங்கும் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), இந்த முடிவை எடுக்கப் போதுமானவை அல்ல.

முதலில் கேம் பட்டியல். ஜிஃபோர்ஸ் நவ், எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங், அமேசான் லூனா ஆகிய பெரிய சேவைகள் வழங்குபவை பெரும்பாலும் கணினிக்கும் கன்சோலுக்கும் எழுதப்பட்ட கேம்கள். கைப்பேசிக்காகவே பிறந்த கேம்களில் பெரும்பாலானவை அங்கே கிடையாது. பப்ஜி என்ற பெயரைத் தேடினால் ஜிஃபோர்ஸ் நவ்வில் ஒன்று கிடைக்கும். ஆனால் அது கணினிப் பதிப்பு. உங்கள் கைப்பேசிக் கணக்கு, நீங்கள் சேர்த்த உடைகள், எட்டிய தரவரிசை எதுவும் அங்கே செல்லாது. கேண்டி கிரஷ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் போன்றவை சாதாரண போன்களிலும் ஓடும்படி எழுதப்பட்டவை என்பதால் அவற்றுக்கு கிளவுட் தேவையும் இல்லை. ஜென்ஷின் இம்பாக்ட்டும் ஃபோர்ட்நைட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டவை. இரண்டிலும் ஒரே கணக்கைக் கணினியிலும் கைப்பேசியிலும் பயன்படுத்தலாம் என்பதால், கிளவுட் வழியாக நுழைந்தாலும் விட்ட இடத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடர முடியும். ஆண்ட்ராய்டு கேம்களையே தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டிக் காட்டும் நவ்.ஜிஜி போன்ற சேவைகளும் இருக்கின்றன. ஆனால் போட்டி ஆட்டத்துக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் அடுத்து வருகிறது.

கிளவுட் கேமிங்கில் கேம் உங்கள் போனில் ஓடுவதே இல்லை. தரவு மையத்தில் உள்ள ஒரு சக்திவாய்ந்த கணினியில் அது ஓடுகிறது. அங்கே வரையப்படும் ஒவ்வொரு படமும் வீடியோவாகச் சுருக்கப்பட்டு உங்களுக்கு வருகிறது. உங்கள் விரல் அசைவு மட்டும் இங்கிருந்து அங்கே போகிறது. உங்கள் போன் செய்யும் வேலை ஏறக்குறைய யூடியூப் பார்க்கும்போது செய்யும் வேலைதான். ஆனால் யூடியூப்பில் அடுத்த சில விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதால், இணையம் ஒரு கணம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரிவதில்லை. கேமில் அப்படி இறக்கி வைக்க எதுவும் இல்லை. அடுத்த காட்சி எது என்பதை உங்கள் விரல் இனிமேல்தான் முடிவு செய்யப்போகிறது.

பப்ஜியில் 60 மில்லி விநாடி பிங் உங்களுக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த கேம் உங்கள் போனிலேயே ஓடுவதுதான். நீங்கள் இடப்புறம் நகர்ந்தால், சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் உங்கள் போன் அந்த நகர்வை உடனே வரைந்துவிடுகிறது. சர்வரிடமிருந்து பின்னர் வரும் தகவலோடு ஒப்பிட்டுத் தேவையென்றால் சிறிது திருத்திக்கொள்கிறது. தாமதம் பாதிப்பது எதிராளிகளின் இருப்பிடத்தையும், சுட்ட குண்டு பட்டதா என்ற தீர்ப்பையும்தான். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் இடையே அது நுழைவதில்லை. கிளவுட் கேமிங்கில் அந்த வசதி இல்லை. பார்வையைத் திருப்புவது போன்ற மிகச் சிறிய அசைவுகூட சர்வருக்குப் போய், அங்கே அடுத்த பிரேமுக்கு, அதாவது அடுத்த படத்துக்குக் காத்திருந்து, வரையப்பட்டு, சுருக்கப்பட்டு, இணையத்தில் பயணித்து, உங்கள் போனில் விரிக்கப்பட்ட பின்னரே திரையில் தெரியும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. ஆகவே 60 மில்லி விநாடி பிங் என்றால், சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்க்காமலே, உங்கள் கை அசைவுக்குப் பிறகு மூன்று நான்கு பிரேம்கள் கழித்துத்தான் பதில் வருகிறது. கதை சார்ந்த கேம்களிலும், முறைவைத்து ஆடும் கேம்களிலும், ஜென்ஷின் போன்ற உலகைச் சுற்றிவரும் கேம்களிலும் சிறிது நேரத்தில் இது பழகிவிடும். துப்பாக்கிச் சண்டையிலும் தாளத்துக்கு ஏற்பத் தட்டும் கேம்களிலும் பழகாது. தோற்றபின் யாரைக் குறை சொல்வது என்று தெரியாத எரிச்சல்தான் மிஞ்சும்.

ஜிஃபோர்ஸ் நவ் தன் தரவு மையத்துக்கும் உங்களுக்கும் இடையே தாமதம் 80 மில்லி விநாடிக்குக் கீழே இருக்கவேண்டும் என்று கேட்கிறது. நல்ல அனுபவத்துக்கு 40-க்குக் கீழே இருப்பதைப் பரிந்துரைக்கிறது. இதில் தொலைவு ஒரு பெரும் பங்கு வகிக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். தரவு மையம் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கேபிள் நேர்க்கோட்டில் போடப்பட்டிருந்தாலும் போய்வர 10 மில்லி விநாடி ஆகிவிடும். நடைமுறையில் கேபிள் வளைந்து நெளிந்து, பல ரூட்டர்களில் நின்று நின்றுதான் வரும். மாதக் கட்டணத்தை உயர்த்தி 50 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினாலும் இந்தத் தொலைவு குறையப் போவதில்லை. ஆகவே சந்தா எடுக்கும் முன், அந்தச் சேவை உங்கள் நாட்டில் அதிகாரபூர்வமாக இயங்குகிறதா, அதன் தரவு மையம் உங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி விபிஎன் வழியே நுழைபவர்கள் தாமதத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

சராசரித் தாமதத்தைவிடத் தொல்லையானது அது ஏறி இறங்குவது. இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். எப்போதும் 45 மில்லி விநாடியில் நிற்கும் இணைப்பு, 20-க்கும் 120-க்கும் இடையே தாவும் இணைப்பைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் சீரான தாமதத்துக்குக் கை பழகிக்கொள்ளும். தாவும் தாமதத்துக்குப் பழக வழியே இல்லை. வேக சோதனைச் செயலிகள் வழக்கமாக உங்களுக்கு மிக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, சில விநாடிகள் மட்டும் அளப்பதால் இந்தத் தாவல் அவற்றில் சரியாகத் தெரியாது. வீட்டில் வேறொருவர் புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கியதும் ரூட்டரில் வரிசை நீண்டு, பிங் பல மடங்கு உயர்வதும் உண்டு. அந்த நேரத்திலும் வேக சோதனை 40 எம்பிபிஎஸ் என்று நல்ல எண்ணைக் காட்டக்கூடும்.

ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஜிஃபோர்ஸ் நவ்வில் இலவச நிலை உண்டு. வரிசையில் காத்திருக்கவேண்டும், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், ஆனால் சோதனைக்கு அதுவே போதும். அந்தச் செயலியிலேயே நெட்வொர்க் சோதனையும் இருக்கிறது. அது அவர்களுடைய தரவு மையம் வரை அளப்பதால், பொதுவான வேக சோதனையைவிட அதன் முடிவுக்கே மதிப்பு அதிகம். காலையில் ஒரு முறை, எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு முறை என ஆடிப் பாருங்கள். போனை ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அண்டை வீட்டு ரூட்டர்களின் நெரிசல் ஒருபுறம் என்றால், புளூடூத்தும் அதே அலைவரிசையில் இயங்குவதால் புளூடூத் கன்ட்ரோலரும் வைஃபையும் ஒன்றையொன்று இடறும். முடிந்தால் கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் இணைப்பது நல்லது. இரவுச் சோதனையில் படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைந்தாலோ, பாத்திரம் வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றினாலோ, பணம் கட்டிய சந்தாவிலும் அதுவேதான் நடக்கும். உயர்ந்த சந்தா வரிசையைக் குறைக்கும், படத்தின் தரத்தைக் கூட்டும். உங்கள் வீட்டு இணைப்பைத் திருத்தாது.

டேட்டாவையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜிஃபோர்ஸ் நவ் 720பி தரத்தில் 60 பிரேமுக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி தரத்தில் 25 எம்பிபிஎஸ் கேட்கிறது. அந்த அளவு முழுவதும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் முறையே 6.75 ஜிபி, 11.25 ஜிபி ஆகும். நாளுக்கு இவ்வளவு என்று வரம்புள்ள மொபைல் டேட்டாவில் இது கட்டுப்படியாகாது. கைப்பேசியின் சிறிய திரையில் 720பி-க்கும் 1080பி-க்கும் உள்ள வேறுபாடு விளையாட்டு வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பதால், குறைந்த தரத்தையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய போன் இதற்குப் போதும். வீடியோவை விரிப்பதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது, ஹெச்.264 முறையில் வரும் வீடியோவை நான்கு ஆண்டுப் பழைய போன்களும் சிரமமின்றிக் கையாளும். கிராபிக்ஸ் பகுதி பெரும்பாலும் ஓய்வாக இருப்பதால் சூடும் குறையும். இருபது ஜிபிக்கும் மேல் இடம் பிடிக்கும் கேமை நிறுவவேண்டிய தொல்லையும் இல்லை. குறை என்னவென்றால், கணினித் திரைக்காக வடிவமைத்த கேம்களில் எழுத்துகள் ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வது போலத் தெரியும்; பலவற்றுக்குக் கன்ட்ரோலர் இல்லாமல் முடியாது. ஜென்ஷின், ஃபோர்ட்நைட் இரண்டுக்கும் தொடுதிரைப் பொத்தான்கள் இருப்பதால் உங்களுக்கு இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

பணம் கட்டுவதாக முடிவெடுத்தால், ஆண்டுச் சந்தாவை விட்டுவிட்டு மாதச் சந்தாவையே எடுங்கள். இந்தத் துறையின் வரலாறு அப்படி. 2010-ல் தொடங்கிய ஆன்லைவ் 2015-ல் மூடப்பட்டது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் போனது. கூகுள் தன் கடையில் விற்ற கேம்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது, ஆனால் எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. சேவை நிலைத்தாலும் கேம்கள் நிலைக்கும் என்பதில்லை: 2020 பிப்ரவரியில் ஜிஃபோர்ஸ் நவ் பொதுவெளிக்கு வந்த சில நாட்களிலேயே ஆக்டிவிஷன் பிளிசார்டு தன் கேம்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. நீங்கள் ஸ்டீம் போன்ற கடையில் வாங்கிய கேமை ஓட்டித்தரும் சேவையில், சேவை மூடினாலும் கேம் உங்கள் கணக்கில் இருக்கும். சந்தாவோடு சேர்த்துத் தரும் கேம்கள் சந்தா நின்றதும் கைவிட்டுப் போகும். ஜிஃபோர்ஸ் நவ்வின் கட்டணச் சந்தாவில் மாதத்துக்கு 100 மணி நேரம் என்ற வரம்பும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது போதும், நாள் முழுவதும் ஆடுபவர்களுக்குப் போதாது.

வீட்டில் ஓரளவு நல்ல கணினியோ கன்சோலோ இருந்தால், ஸ்டீம் லிங்க் அல்லது பிளேஸ்டேஷன் ரிமோட் பிளே வழியாக அதில் ஓடும் கேமை வீட்டு வைஃபையிலேயே போனுக்குக் கொண்டுவரலாம். தரவு மையம் பக்கத்து அறையில் இருப்பதால் தாமதம் மிகக் குறைவு, இணைய டேட்டாவும் செலவாகாது. சந்தா தேடும் பலர் இதை யோசிப்பதே இல்லை.

இரவுச் சோதனை தேறவில்லை என்றால் போன் வாங்குவதே வழி. அப்போதும் உடனே கடைக்குப் போகவேண்டாம். ஜென்ஷினில் கிராபிக்ஸை மிகக் குறைந்த நிலைக்கும் பிரேம் வீதத்தை 30-க்கும் இறக்கி, போனின் உறையைக் கழற்றி, சார்ஜ் ஏறாத நேரத்தில் ஆடிப் பாருங்கள்; சேமிப்பிடத்தில் சில ஜிபியாவது காலியாக வையுங்கள், நிறைந்த சேமிப்பிடம் போனை மேலும் மெதுவாக்கும். அதற்கும் மசியவில்லை என்றால், புதிய போனைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்திலுள்ள உச்ச வேகத்தையும் ரேம் அளவையும் மட்டும் பார்க்காமல், அரை மணி நேரம் தொடர்ந்து ஆடியபின் பிரேம் வீதம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து காட்டும் விமர்சனங்களைத் தேடுங்கள். சிப் சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், முதல் ஐந்து நிமிடம் அருமையாக ஓடும் போன்கள் பல அரை மணி நேரத்தில் உங்கள் பழைய போனின் நிலைக்கே வந்துவிடுகின்றன. 128 ஜிபிக்குக் குறைவான சேமிப்பிடம் உள்ள எதையும் வாங்காதீர்கள்.