புதுப் பாகம் மாட்டியதும் மக்கர் செய்யும் ரைஃபிள்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். காகித இலக்கில் சுட்டுப் பழகுவதற்காக ரூகர் 10/22 ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். ஓராண்டு வரை ஒரு தொல்லையும் இல்லை. குறி இன்னும் துல்லியமாகட்டும் என்று வேறு கம்பெனிகளின் மேட்ச் பேரல் (போட்டிக்கென்று கடைந்த குழல்), போல்ட்டைத் திரும்பத் தள்ளும் கடினமான ரீகாயில் ஸ்பிரிங், காலிக்கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர், ஸ்கோப் பொருத்தும் ரெயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டினேன். இப்போது ஒரு மேகசின்கூடத் தடையில்லாமல் ஓடுவதில்லை. சில சமயம் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழாமல், முன்னும் பின்னும் ஓடிப் பேரலின் பின்வாயை மூடும் போல்ட்டில் சிக்கி நிற்கிறது. சில சமயம் போல்ட் முழுதாக மூடுவதே இல்லை. நான் பயன்படுத்துவது மொத்தப் பெட்டியில் வரும் மலிவுத் தோட்டா. போல்ட்டையும் மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? உத்தரவாதம் போய்விட்டதா?

பதில்: மாற்றாதீர்கள். நான்கு பாகங்களை ஒரே நாளில் மாட்டிவிட்டு ஐந்தாவதையும் வாங்கினால், கோளாறு எதனால் என்று கடைசிவரை தெரியாது.

10/22 ரைஃபிளில் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு கிடையாது. சுடும்போது எழும் அழுத்தம் காலிக்கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. எதிர்த்து நிற்பவை போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான். இரண்டரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டை அனுப்பும்போது கிடைக்கும் அந்தச் சிறு உதையை வைத்துத்தான் கூட்டை உருவி எறிவது, சுத்தியலை மடக்குவது, ஸ்பிரிங்கை அமுக்குவது எல்லாம் நடந்தாக வேண்டும். ஸ்பிரிங் கடினமானால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். வெளியேறாத கூட்டை அது கவ்விக்கொள்ள, கூடு புகைபோக்கி போல நிமிர்ந்து நிற்கும். நீங்கள் சொல்லும் முதல் கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். பழைய ஸ்பிரிங்கை மாட்டிப் பாருங்கள்; காசு செலவில்லாத சோதனை.

கூடு சேம்பருக்குள்ளேயே (பேரலில் தோட்டா உட்காரும் குழிக்குள்ளேயே) தங்கிவிட்டால் அது வேறு கதை. அப்போது எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். அதன் பின்னால் இருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் ஊசியும் சரியாக உட்காராவிட்டால் கொக்கிக்குப் பிடிப்பு இருக்காது. கழற்றும்போது போல்ட்டை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். அந்த ஊசி பறந்து போனால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

போல்ட் முழுதாக மூடாததற்குப் பேரலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மேட்ச் பேரலின் சேம்பர் வேண்டுமென்றே இறுக்கமாகக் கடையப்படுவது. மொத்தப் பெட்டித் தோட்டாக்களோ அளவில் சற்று முன்பின் இருக்கும். சிலவற்றின் மேலே மெழுகும் பூசியிருக்கும். இரண்டு திருகுகளை எடுத்தால் பேரல் தனியே வந்துவிடும். கழற்றிய பேரலில் ஒரு தோட்டாவை நுழையுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் உட்கார வேண்டும். முக்கித் தள்ள வேண்டியிருந்தால் அந்தத் தோட்டா அந்தப் பேரலுக்கு ஆகாது. பிறகு சேம்பரை வெண்கலத் தூரிகையால் தேய்த்துவிட்டு, வினாடிக்கு 1,235 அடி வேகம் என்று குறிக்கப்பட்ட சி.சி.ஐ. மினி-மேக் போன்ற அதிவேகத் தோட்டா ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். புது போல்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

பலர் கோட்டை விடும் இடம் ஸ்கோப் ரெயில். அதன் திருகு ஒரு நூலிழை நீளமாக இருந்தாலும் போல்ட் ஓடும் கூடான ரிசீவரின் உட்புறம் எட்டிப் பார்த்து, போல்ட்டின் முதுகை உராயும். போல்ட்டை எடுத்து மேல்புறத்தைப் பாருங்கள். புதிதாகப் பளபளக்கும் நீளக் கீறல் தெரிந்தால், ஆள் அகப்பட்டுவிட்டான். சந்தேகமாக இருந்தால் மார்க்கர் மையைத் தடவி, கையால் இருபது முறை இழுத்துவிட்டு மை அழிந்த இடத்தைக் கவனியுங்கள்.

சோதனைக்கு முன் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பாதி மூடிய போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்பு முழுவதும் இருக்கிறது. கூடும் மெல்லிய பித்தளை. நசுங்கி வெடித்தால் துணுக்குகள் முகத்துக்குத்தான் வரும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், இலக்கை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்த பிறகே திறங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ரூகர் எழுத்துப்பூர்வ உத்தரவாதம் எதையும் தருவதே இல்லை. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க உத்தரவாதச் சட்டம், எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எழுதியே கொடுப்பதில்லை என்று அந்தக் கம்பெனி முடிவெடுத்தது. ஆகவே போவதற்கு ஒன்றுமில்லை. பழுது பார்க்க அனுப்பினால் அசல் பாகங்களை மாட்டியே அனுப்புங்கள்.

பேரல் கம்பெனி உத்தரவாதச் சீட்டு கொடுத்திருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். பிறர் பாகத்தைப் பயன்படுத்தினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க அந்தச் சட்டம் பொதுவாக இடம் தராது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். சுட்டுவிட்ட பேரலைக் கடைகள் திரும்ப வாங்குவது அரிது என்பதால், தயாரிப்பாளருக்கே நேரடியாக எழுதுங்கள். எந்தத் தோட்டாவில் எப்படிச் சிக்கியது என்பதையும், பழைய பேரலில் அதே தோட்டா ஓடியதா என்பதையும் முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டு, சிக்கிய கூடுகளின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.