நல்ல கேஸ் – கடிதமும் பதிலும்

ஐயா,

பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வீடு தண்டையார்பேட்டை. வார்டில் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பயிற்சி முகாமில் நல்ல ஆசிரியரின் குணங்கள் என்று ஒரு பட்டியல் தந்தார்கள்: பாட அறிவு, பொறுமை, ஆர்வம், முன்மாதிரியாக இருப்பது. படிக்க நன்றாக இருக்கிறது, வார்டில் போய் நின்றால் கைகொடுக்கவில்லை. மாணவர்கள் போனையே பார்க்கிறார்கள். எங்கள் பேராசிரியர் எல்லார் முன்னாலும் திட்டித்தான் எங்களை உருவாக்கினார். நானும் அப்படி இருக்க வேண்டுமா? இந்த வாரம் சொல்லிக்கொடுக்க நல்ல கேஸ்கூட இல்லை. மயக்கம், முட்டி வலி, அசதி என்றுதான் வந்து படுத்திருக்கிறார்கள். நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி

அன்புள்ள டாக்டர்,

நான் மருத்துவன் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன். போன வாரம் பீரோவை ஒழிக்கும்போது அம்மாவின் சுருக்குப் பை கையில் வந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

போனை விடுங்கள். எதிரில் நடப்பது போனைவிட முக்கியம் என்று தெரிந்தால் அவர்களே பைக்குள் போட்டுவிடுவார்கள். புத்தகம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் துறையின் பெரியவர் வில்லியம் ஆஸ்லர், வார்டில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்று கல்லறையில் எழுதினால் போதும் என்றார். எத்தனை புத்தகம் எழுதினேன் என்று எழுதச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 'நல்ல கேஸ்' என்ற சொல்லை விடமாட்டேன். கோபம் வருகிறது டாக்டர். மண்ணீரல் வீங்கிய ஒருவர் வந்து படுத்தால்தான் உங்களுக்கு வகுப்பா? மயக்கம் என்று வந்த பெண்மணி இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறாரா?

1988-இல் என் அம்மா மயக்கம் என்றுதான் போய்ப் படுத்தார். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத் தெருவாக மீன் விற்றவர். கூடையோடு வழியில் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். காலையில் ஒரு மாணவர் வந்து கேட்டார், எழுதினார், போனார். அவர் எழுதியது 'தலைச்சுற்றல்'. பத்து மணிக்கு ஆசிரியர் ஏழெட்டுப் பேரோடு வந்தார். மாணவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், "தமிழ்லயே சொல்லுப்பா, அவங்களைப் பத்திதானே பேசுறோம், அவங்களும் கேட்கட்டும்" என்றார். அப்புறம் அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"மயக்கம்னா எப்படிம்மா? உலகமே சுத்துதா, இல்ல கண்ணு இருட்டுதா?"

"சுத்தல்லாம் இல்லபா. எழுந்துக்கினா கண்ணு இருட்டிக்கினு வருது."

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகம் சுற்றினால் பெரும்பாலும் காதுக்குள் போய்த் தேட வேண்டும். எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் முதலில் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வடசென்னையில் எல்லாவற்றுக்கும் மயக்கம் என்ற ஒரே சொல்தான். சர்க்கரை இறங்கினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், சாப்பிடாமல் வந்தாலும் மயக்கம். இளைப்பு என்பார்கள், மூச்சு வாங்குவதா, உடம்பு இளைத்துப்போனதா? கேட்டால்தான் தெரியும். நெஞ்சில் வாயு என்று ஒருவர் சொன்னால் அது வாயுதானா? நோயாளியின் சொல்லை அப்படியே எழுது என்று உங்கள் பாடமே சொல்கிறது. எழுதும்போதே அதை ஆங்கிலமாக்கிவிடுகிறீர்கள். பாதி நோய் அங்கேயே தொலைந்துபோகிறது.

"நிக்க வெச்சு பிரஷர் பாத்தியா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"இல்ல சார்."

"சரி, இப்ப பாக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த 'இல்ல சார்' இத்தனை வருடம் ஆகியும் என் காதில் இருக்கிறது. திட்டுகிற வாத்தியாராக இருந்திருந்தால் அந்தப் பையன் "பாத்தேன் சார், நார்மல்" என்று சொல்லியிருப்பான். எந்தப் பையனும் அதைத்தான் சொல்வான். அந்தப் பொய் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும், அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். திட்டித்தான் உருப்பட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்களில் பார்க்காத நாடியைப் பார்த்ததாகச் சொல்லி எத்தனை முறை தப்பித்தீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். மாணவன் பயந்தால் உங்களுக்கு மரியாதை கிடைக்கும், நோயாளிக்குத்தான் ஆபத்து. நீங்கள் நல்லவர் என்று தெரிந்துதான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது.

படுத்திருக்கும்போது 120. அம்மாவை எழுப்பி நிறுத்தினார்கள். விழுந்துவிடாமல் ஆசிரியர் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதரசம் 90-க்கு இறங்கியதை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். "20 இறங்கினாலே கணக்கு, இது 30. ரத்தம் எங்கயோ போவுது. எங்க போவுதுன்னு நீயே கேளு" என்று அந்த மாணவரிடமே விட்டார்.

அவர் தயங்கித் தயங்கி, மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார். "ஒரு வாரமா கருப்பா போவுது, தாரு கணக்கா. இத யாரும் கேக்கலியே" என்றார் அம்மா. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை. முட்டி வலிக்கு? "அது மாத்திரயா? வலிக்குப் போட்டுக்கிறதுதானே" என்று சுருக்குப் பையைப் பிரித்தார். சில்லறையோடு வெள்ளை வெள்ளையாக வலி மாத்திரைகள். தெருமுனைக் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் தினம் இரண்டு. வயிறு புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒன்று நான் கொடுத்தது.

மாணவனை முதலில் ஒரு முடிவு சொல்ல வை, ஏன் என்று கேள், ஒரு பொது விதியைச் சொல், சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து என்று ஒரு முறையை 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதினார்கள். 'ஒரு நிமிட முறை' என்று உங்கள் முகாமில் சொல்லியிருக்கலாம். நல்ல முறைதான், பயன்படுத்துங்கள். அன்று அம்மாவின் கட்டிலை விட்டுக் கிளம்பும்போது அந்த ஆசிரியர் மாணவரிடம், "பாக்கலைன்னு உண்மையைச் சொன்னே பாரு, அதனாலதான் கண்டுபிடிச்சோம்" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, "இன்னிக்கு எங்களுக்கு நீங்கதாம்மா வாத்தியார்" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை அந்த மயக்கக் கட்டிலுக்கு மாணவர்களை அழைத்துப் போங்கள். மயக்கம் என்றால் எப்படி என்று ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று, அவர் சொன்ன வார்த்தையிலேயே, எனக்கு எழுதுங்கள்.