அந்தப் பாட்டுகளை விட முடியவில்லை!

கேள்வி: எனக்கு 47 வயது. ‘ரோஜா’ வந்தபோது ஒன்பதாம் வகுப்பு படித்தேன். இன்றும் காரில் ஏறினால் அந்த நான்கைந்து வருடப் பாட்டுகளைத்தான் போடுகிறேன். சிலவற்றைக் கேட்டால் கண் கலங்கிவிடுகிறது. இப்போது வருவதெல்லாம் இரைச்சலாகவே படுகிறது. கல்லூரியில் படிக்கும் மகள், “வேற பாட்டே இல்லையாப்பா?” என்று ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். பரணில் உள்ள கேசட் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போடப்போவதாக மனைவி சொல்கிறார். எனக்கு ஏதாவது மனக்கோளாறா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி உங்கள் அலமாரியில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இது கோளாறே இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகம் வருகின்றன. நினைவாற்றலை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. பல விஷயங்கள் நமக்கு முதன்முதலாக நடப்பது அந்த வயதில்தானே! அப்போது பக்கத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்று அது கேட்டதும், கூடவே அந்தத் தெருவும் அந்த நண்பனும் வந்துவிடுகிறார்கள். கண் கலங்கினால் கலங்கட்டும்.

நானும் உங்கள் வயதுக்காரிதான். பாட்டு பதிந்து தரும் கடைக்கு, நோட்டிலிருந்து கிழித்த தாளில் பட்டியல் எழுதி எடுத்துப் போவோம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி. ஐந்து நிமிடப் பாட்டென்றால் ஆறு. எதை எடுப்பது, எதை விடுவது என்று இரவெல்லாம் அடித்து அடித்து எழுதுவேன். என் கேசட்டில் ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் பாதியில் நின்றுவிடும். இன்று போனில் அதே பாட்டு முழுதாக ஓடுகிறது. ஆனால் அந்த இடம் வந்ததும் என் காது இன்னும் அந்த ‘டக்’ சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

பன்னிரண்டே பாட்டு, வருடம் முழுக்க. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வரும்வரை வாரம் முழுக்கக் காத்திருப்பு வேறு. அப்படிக் கேட்டால் எந்தப் பாட்டுதான் ஒட்டாது? இன்றைய பாட்டை நீங்கள் எத்தனை முறை முழுதாகக் கேட்டிருப்பீர்கள், சொல்லுங்கள்.

‘இரைச்சல்’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1992-இல் ‘ரோஜா’ பாட்டைப் போட்டபோது என் அப்பா, “இதென்ன, கம்ப்யூட்டர் சத்தம்!” என்று எழுந்து போனார். அவர் விஸ்வநாதன் - ராமமூர்த்தியில் வளர்ந்தவர். அந்த முதல் படத்திலேயே ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது வேறு விஷயம். அன்று என் முகம் சுருங்கிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. ஹெட்போனுக்குள் போய்விட்ட உங்கள் மகளுக்கும் அதே வருத்தம் இருக்கலாம்.

அவளிடம், “உனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பாட்டு அனுப்பும்மா” என்று கேளுங்கள். ஒரே ஒரு பாட்டு. ஒரு வாரம், தினமும் ஒரு முறை காரில் போடுங்கள். அபிப்பிராயம் சொல்ல வேண்டாம். வார்த்தை புரியாத இடத்தில் அவளிடமே கேளுங்கள். அப்புறம் உங்கள் பாட்டு ஒன்றைப் போடும்போது, இசை எவ்வளவு உசத்தி என்று விளக்காமல், அதை முதலில் எங்கே, யாரோடு கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

சரி, கேசட்டுக்கு வருவோம். பல வருடம் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். பூஞ்சை தெரிந்தால் தனியே வைத்துவிடுங்கள். நாடா தளர்ந்திருந்தால் பழைய வழிதான்: பென்சிலைச் சக்கரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை, அதாவது நாடா உரசிப்போகும் பகுதியை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன நாக்குகள் உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தப்பித் தவறியும் மேலே வேறெதுவும் பதிவாகாது. பிறகு ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் கொடுத்து, கணினியில் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பிறகும் உங்கள் கையெழுத்தில் பட்டியல் உள்ள அந்த அட்டைகளைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

60 நிமிடக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், வேகப்படுத்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். பென்சிலை மகள் கையில் கொடுங்கள்.