பழைய மிட்ஜெட்டுக்குச் சுருளும் பெல்ட்

கேள்வி: இங்கிலாந்தில் 1967 எம்ஜி மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறேன். கையால் இறுக்கும் பழைய சீட் பெல்ட்டைச் சரியாகக் கட்டினால் டேஷ்போர்டு சுவிட்ச் எட்டுவதில்லை, தளர்த்தவும் பயம். தானாகச் சுருளும் பெல்ட் பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. நானும் என் மிட்ஜெட்டில் மாற்றினேன். முதல் நாள் பெல்ட்டை இழுக்கவே முடியவில்லை. பெல்ட் சுருளும் ரீலுக்குள் சின்ன உருண்டை ஒன்று உண்டு. திடீர் பிரேக்கில் அது நகர்ந்து பெல்ட்டைப் பூட்டும். நான் ரீலைச் சாய்த்து மாட்டியதால் நின்ற வண்டியிலேயே பூட்டிக்கொண்டது. பின்சக்கர வளைவில் உங்கள் ரீல் எந்தக் கோணத்தில் உட்காரும் என்று பார்த்து, அதற்கேற்றதை வாங்குங்கள். போல்ட் 7/16 அங்குல யுஎன்எஃப், அதாவது அங்குல அளவில் நெருக்கமான மரை கொண்டது. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன் கார்ப்பெட்டைத் தூக்கி, போல்ட் ஏறும் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்தால் பெல்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள். என் வண்டியில் இடப்பக்கம் அப்படித்தான் ஆனது.