துண்டைக் காட்டலாம், கொப்பியில் எழுதலாமா?

கேள்வி: நாளைக்கு இன்னொரு தொற்று வந்து, அரசாங்கம் ஊசியைக் கட்டாயமாக்கி, பஸ்சிலும் கந்தோரிலும் 'ஊசித் துண்டைக் காட்டு' என்றால், சட்டப்படி மறுக்கலாமா? தனியுரிமை எங்களுக்கும் உண்டா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: 'துண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. வன்னியில் துண்டு இல்லாமல் யார் வளர்ந்தோம்? ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கப் பாஸ் துண்டு. நிவாரண அரிசிக்குத் துண்டு. 2009ல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்கு ஒரு துண்டு. ஊர் திரும்பிய பிறகு குடும்பத்தையே வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்து ஒரு பதிவு. இத்தனையும் பார்த்த கைக்கு ஊசித் துண்டும் வெறும் ஊசித் துண்டாகத் தெரியாது.

2021ல் கொரோனா ஊசிக்காக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றேன். ஊசி போட்ட மிஸ் கடைசி மேசையில் இருந்தார். முதல் மேசையில் சீருடையோடு ஒருவர், முன்னால் நீளக் கொப்பி. அடையாள அட்டை இலக்கம், விதானையார் பிரிவு, தொலைபேசி இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். கொப்பியின் தலைப்பு முழுக்கச் சிங்களத்தில். எனக்கு முன்னால் நின்ற அம்மா, கையில் சுருட்டிய சேலைத் தலைப்போடு, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது ஊசிக்கோ, பதிவுக்கோ?" அவர் பதில் சொல்லவில்லை. அம்மா இலக்கத்தைச் சொன்னார், ஊசியும் போட்டுக்கொண்டார். உங்கள் கேள்வியை அந்த அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மொழி விசயத்தை நான் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை.

சரி, ஊசிக்கு எதிராக மாதாமாதம் எனக்குக் கடிதம் போடும் அன்பர்கள் இதைப் படித்துவிட்டு 'ஆசிரியர் எங்கள் பக்கம் வந்துவிட்டார்' என்று சந்தோசப்பட வேண்டாம். நான் ஊசியின் பக்கம்தான். சண்டை நடந்த காலத்திலேயே, 1995 முதல், போலியோ சொட்டு மருந்துக்காக இரண்டு பக்கத்துத் துவக்குகளும் ஓய்ந்த நாட்கள் இருந்தன. தாய்மார் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அவர்களை யாரும் இழுத்து வரவில்லை. இந்த நாட்டில் 1993க்குப் பிறகு ஒரு போலியோ நோயாளியும் இல்லை.

இன்னும் பழைய கதை ஒன்று. வீட்டில் யாருக்காவது அம்மாள், அதாவது அம்மை நோய், வந்துவிட்டால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். வற்றாப்பளைக் கண்ணகிக்கு நேர்த்தி வைப்பார்கள். வேப்பிலையைக் கண்டதும் தெருவால் போகிறவர் ஒதுங்கிப் போவார், கடன் கேட்க வந்தவரும் திரும்பிப் போவார். வீட்டு வருத்தத்தை ஊருக்கே சொல்கிற வழக்கம் அது. ஆனால் எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். 'இப்போது உள்ளே வராதே', அவ்வளவுதான். யாருக்கு வருத்தம், வயது என்ன, அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் வேப்பிலை சொல்லாது. தண்ணீர் வார்த்து முடிந்ததும் அதை அவிழ்த்துவிடுவார்கள். தேவையானதை மட்டும், தேவையான நாள் வரைக்கும். நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதும் அளவுப்பொருத்தம் எங்கள் படலையில் அப்போதே தொங்கியது.

இனிச் சட்டம். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் தனியுரிமை தனி உரிமையாக எழுதப்படவில்லை. 14அ உறுப்புரையில் அந்தச் சொல் வருகிறது, அதுவும் தகவல் அறியும் உரிமைக்கு ஒரு வரம்பாக. 15(7) உறுப்புரையின்படி பொதுச் சுகாதாரத்துக்காக நடமாட்டம் போன்ற உரிமைகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். 10ஆம் உறுப்புரையின் மனச்சாட்சிச் சுதந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. வாதாட அதில் இடம் உண்டு. நோய்த்தடுப்புக்கு இன்னும் 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் கையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த வர்த்தமானி, ஏப்ரல் 30 முதல் முழுதாக ஊசி ஏற்றாதவர் பொது இடங்களுக்குள் போகக்கூடாது என்றது. ஆகவே துண்டைக் காட்டச் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை.

வெளியே பாருங்கள். 1905ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியம்மை ஊசியை மறுத்த ஜேக்கப்சன் என்ற போதகருக்கு விதித்த 5 டொலர் தண்டம் செல்லும் என்றது. 2021ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், கட்டாய ஊசி ஒருவருடைய தனி வாழ்வில் தலையிடுவதுதான், ஆனாலும் பிள்ளைகளைக் காக்க அது நியாயம் என்று செக் நாட்டு வழக்கில் சொன்னது. 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது நிலைமைக்குப் பொருந்த வேண்டும் என்றது. அப்போது மாநிலங்கள் விதித்திருந்தவை பொருந்தவில்லை என்றும் சொன்னது. மூன்று வழக்கிலும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது தண்டத்தையும் கட்டுப்பாட்டையும்தான். கையைப் பிடித்துக் குத்தலாம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு இதில் பெரிய குறையில்லை. துண்டைக் காட்டுவேன். கொப்பிதான் வேறு விசயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரத்தை விசேட வகையாக வைத்திருக்கிறது. எதற்கு எடுத்தார்களோ அதற்குத்தான் பயன்படுத்தலாம், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கியமான பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அந்த மண்டபத்து நீளக் கொப்பி இப்போது யாருடைய அலுமாரியில் கிடக்கிறது? சுகாதாரத் திணைக்களத்தில் என்றால் எனக்குப் பயமில்லை. இராணுவ முகாமுக்குள் என்றால், அந்த அம்மாவின் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே எதற்கு?

ஆகவே, கட்டாயம் என்று வந்தால் துண்டைக் காட்டுங்கள். பார்க்கட்டும், திருப்பித் தரட்டும். எழுத வந்தால் எந்தச் சட்டத்தின் கீழ், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். தமிழில் படிவம் கேளுங்கள். யார் எழுதினார், எந்தத் திகதி என்று நீங்களும் ஒரு துண்டில் குறித்து வையுங்கள். அடிப்படை உரிமை வழக்கை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். கொழும்பு தூரம் என்றால், அதே ஒரு மாதத்துக்குள் வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் உச்ச நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது.