வாசகர் கேள்வி – பதில்: பாஸ்டன் வேலர் படகுகளின் வரலாறு

பழைய கண்ணாடியிழைப் படகுகள் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பாஸ்டன் வேலர் நிறுவனத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறோம்.

கேள்வி: கண்ணாடியிழையால் முதன்முதலில் படகு செய்தது பாஸ்டன் வேலர் நிறுவனம்தானா?

பதில்: இல்லை. அந்த நிறுவனம் தன் முதல் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1958-ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை மெல்லிய இழையாக்கும் தொழில் அமெரிக்காவில் நிலைபெற்றுவிட்டது. ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் 1938-இல் உருவானது. அந்த இழைத் துணியை நனைத்து இறுகச் செய்வதற்கேற்ற பாலியெஸ்டர் ரெசின், அதாவது செயற்கைப் பிசின், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைக்கு வந்தது. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் 1942-இல் இவ்விரண்டையும் சேர்த்து ஒரு சிறு பாய்மரப் படகை உருவாக்கினார். போர் முடிந்தபின் கலிஃபோர்னியாவின் கிளாஸ்பார், ரோட் ஐலண்டின் பியர்சன் போன்ற நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின. பியர்சன் நிறுவனம் 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்த டிரைட்டன் என்ற பாய்மரப் படகு, கண்ணாடியிழைப் படகை நடுத்தரக் குடும்பங்களும் வாங்கலாம் என்ற நம்பிக்கையை ஏற்படுத்தியது.

ஆகவே 1958-இல் கண்ணாடியிழை புதுமை அன்று. மற்றவர்கள் மரப்பலகைக்குப் பதிலாகக் கண்ணாடியிழையை வைத்தார்கள். உள்ளே சட்டங்களும் குறுக்குக் கட்டைகளும் அப்படியே இருந்தன. பாஸ்டன் வேலர் அந்தச் சட்டங்களையே எடுத்துவிட்டு, இரண்டு மெல்லிய கண்ணாடியிழை ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பியது. அதன் வரலாற்றில் பிறகு நடந்த பலவற்றுக்கும் வேர் இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: இதைத் தொடங்கியவர் யார்? அவர் படகு கட்டும் தொழிலில் இருந்தவரா?

பதில்: தொடங்கியவர் ரிச்சர்ட் ஃபிஷர். டிக் ஃபிஷர் என்று அழைக்கப்பட்டார். ஹார்வர்டில் படித்தவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிஷர்-பியர்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். அது மின் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை. படகின் மீது அவருக்கு இளமையிலிருந்தே ஆர்வம் உண்டு; எடை குறைந்த படகு ஒன்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணத்தில் இலேசான பால்சா மரத்தைக்கொண்டு முயன்று பார்த்தவர். அந்த மரத்தைப் போலவே இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் செயற்கை நுரை சந்தைக்கு வந்தபோது, தாம் தேடிய பொருள் இதுவே என்று அவர் உடனே கண்டுகொண்டார். 1954 வாக்கில் நுரையையும் எபாக்சி ரெசினையும் கொண்டு ஒரு சிறு பாய்மரப் படகைச் செய்து, அதைத் தம் நண்பர் சி. ரேமண்ட் ஹண்டிடம் காட்டினார்.

ஹண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1938-இல் கன்கார்டியா என்ற புகழ்பெற்ற மரப் பாய்மரக் கப்பலை வடிவமைத்தவர் அவர். வேகப் படகுகளின் அடிப்பாகத்தை ஆழமான ‘வி’ வடிவத்தில் அமைக்கும் முறையும் அவருடைய சிந்தனையில் பிறந்ததுதான். 1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகர் வரை நடந்த கடற்பந்தயத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராம் ஓட்டி வென்ற ‘மாப்பி’ என்ற படகு அந்த வடிவத்தின் திறனை உலகுக்குக் காட்டியது. இத்தகைய ஒருவர், ஃபிஷர் கொண்டுவந்த பாய்மரப் படகைவிட அது கட்டப்பட்ட முறையில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று மதிப்பிட்டு, அந்த முறைக்குப் பொருந்தும் மோட்டார்ப் படகு ஒன்றை வரைந்து கொடுத்தார்.

அந்த வரைபடத்துக்கு முன்னோடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஹிக்மன் உருவாக்கிய ‘சீ ஸ்லெட்’ என்ற படகு. அதன் அடிப்பாகம் தலைகீழான ‘வி’ வடிவில், இருபுறமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்திருக்கும். 1956-இல் செய்த முதல் மாதிரியை ஃபிஷர் கடலில் ஓட்டிப் பார்த்தபோது, சுமை அதிகமானால் நடுவிலுள்ள குழிவின் வழியாகக் காற்று புகுந்து புரொப்பெல்லரின் பிடி தளர்வது தெரிந்தது. அதைச் சரிசெய்ய நடுவிலும் ஒரு முகடு சேர்க்கப்பட்டது. அதனால் பயணிகள் மீது நீர் தெறித்தது. அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், வடிவம் மீண்டும் திருத்தப்பட்டது. இப்படித் திருத்தித் திருத்தி வந்ததுதான் சதுரமான முன்பகுதியும் அடியில் மூன்று முகடுகளும் கொண்ட 13 அடிப் படகு.

கேள்வி: படகை இரண்டாக அறுத்து, பாதியை மட்டும் ஓட்டிக்காட்டியதாகச் சொல்கிறார்கள். இது விளம்பரத்துக்காகச் சொன்ன கதையா, உண்மையா?

பதில்: உண்மை. விளம்பரம்தான் நோக்கம் என்பதும் உண்மை. 1961-இல் ‘லைஃப்’ வார இதழ் அந்தப் படங்களை வெளியிட்டது. நீரில் மிதந்துகொண்டிருந்த படகில் ஃபிஷர் அமைதியாக உட்கார்ந்திருக்க, படகு குறுக்கே ரம்பத்தால் அறுக்கப்பட்டது. பின்னர் மோட்டார் பொருத்திய பின்பாதியில் அவர் ஓட்டிச் சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் நிறுவனம் தன் படகுகளை மூழ்காத படகுகள் என்றே அறிமுகப்படுத்தியது.

இதன் இயற்பியல் எளிமையானது. ஒரு கன அடி கடல்நீரின் எடை சுமார் 64 பவுண்டு. இப்படகுகளில் நிரப்பப்பட்ட வகை பாலியூரித்தேன் நுரையோ ஒரு கன அடிக்குச் சில பவுண்டு எடையே கொண்டது. எனவே நீரில் அமிழும் ஒவ்வொரு கன அடி நுரையும் அறுபது பவுண்டுக்கு அருகில் சுமையைத் தாங்கும். இதில் மேலும் கவனிக்க வேண்டியது, நுரை இருக்கும் இடம். காலியான காற்றறையை நம்பி மிதக்கும் படகில் ஓட்டை விழுந்தால் அறை நிரம்பிவிடும். நுரையின் நுண்ணறைகளோ ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடியிருப்பதால், அறுத்த இடத்தில் திறந்துகொள்ளும் சில அறைகளைத் தவிர மற்றவற்றுக்குள் நீர் புகாது. அதோடு நுரை படகின் நீளம் முழுவதும் பரவியிருப்பதால், நீர் நிரம்பினாலும் படகு ஒருபக்கம் சாயாமல் மட்டமாகவே மிதக்கும். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடப்பதற்கும், நிரம்பிய படகுக்குள்ளேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருப்பதற்கும் இடையிலான வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடு.

அமெரிக்க அரசு 1971-இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வந்த விதிகள், 20 அடிக்குக் குறைந்த சிறு படகுகள் நீர் நிரம்பிய பின்னும் மிதக்கவேண்டும் என்று மற்ற உற்பத்தியாளர்களையும் கட்டாயப்படுத்தின. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கேட்பார் இல்லாத காலத்தில், இதை ஒருவர் தாமாகச் செய்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: நுரையை எப்படி உள்ளே நிரப்பினார்கள்? செய்து முடித்த படகில் துளையிட்டு ஊற்றினார்களா?

பதில்: அப்படிச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. வேலர் முறை வேறு. வெளி ஓட்டுக்கு ஓர் அச்சு, உள் ஓட்டுக்கு ஓர் அச்சு என்று இரண்டு அச்சுகள். ஒவ்வொன்றிலும் முதலில் நிறமுள்ள ஜெல்கோட் பூச்சைத் தெளித்து, அதன்மேல் கண்ணாடியிழையையும் ரெசினையும் அடுக்கடுக்காகப் பதிப்பார்கள். ரெசின் முழுவதும் இறுகுவதற்கு முன்பே உள் அச்சை வெளி அச்சின் மீது பொருத்தி, இரண்டையும் அசையாமல் பூட்டி, இடைவெளியில் திரவ நிலையிலுள்ள நுரைக் கலவையைச் செலுத்துவார்கள். கலவை பல மடங்கு விரிந்து மூலை முடுக்கெல்லாம் புகுந்து, இரண்டு ஓடுகளையும் பற்றிக்கொண்டு இறுகும்.

அதனால் நுரை வெறும் மிதவைப் பொருளாக நின்றுவிடவில்லை. ஓடுகள் வளையாமல் தடுக்கும் வேலையும் அதனுடையதே. விரியும் நுரையின் அழுத்தத்தைத் தாங்க அச்சுகள் மிக உறுதியாக இருக்கவேண்டும். வெப்பநிலையும் கலவை விகிதமும் சற்றுப் பிசகினாலும் நுரை ஒட்டாத வெற்றிடங்கள் விழும். இருக்கை, கைப்பிடி போன்றவற்றைத் திருகாணியால் பொருத்துவதற்கு, நுரை நிரப்பும் முன்பே குறிப்பிட்ட இடங்களில் மரத்துண்டுகளைப் பதித்து வைத்தார்கள். எங்கெங்கே மரம் இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடங்களை இன்றும் பழைய படகுக்காரர்கள் தேடி வாங்கிப் பாதுகாக்கிறார்கள்.

கேள்வி: இந்தப் படகுகள் அலையில் கடினமாக மோதும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: முதல் 13 அடிப் படகைப் பொறுத்தவரை, உண்மை. அகன்ற, ஆழமில்லாத அடிப்பாகம் நிற்கும்போது அசையாது. ஒரே பக்கத்தில் இருவர் நின்றாலும் கவிழாது. சிறிய மோட்டாரிலேயே விரைந்து செல்லும். சிற்றலை அடுத்தடுத்து வரும் நீரில் அதே அகலம்தான் அடியை நேராக வாங்கும். 1960-களின் தொடக்கத்தில் வந்த 16 அடி 7 அங்குலப் படகு இதில் ஓரளவு மேம்பட்டது. அந்த அளவை ஒட்டி 1970-களில் உருவான மான்டாக் இந்நிறுவனத்தின் மிகவும் விரும்பப்பட்ட படகுகளில் ஒன்றாயிற்று. பாப் டோஹர்ட்டி என்ற பொறியாளரின் காலத்தில் வந்த அவுட்ரேஜ் வரிசை, ஆழமான ‘வி’ வடிவத்தை நோக்கி நகர்ந்து திறந்த கடலுக்கு ஏற்றதாயிற்று. வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை ஆற்றுப் பகுதிகளில் 16 அடி வேலர்களைப் பயன்படுத்தியது. குண்டு துளைத்தாலும் மிதக்கும் படகு அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: நிறுவனம் இன்னும் ஃபிஷர் குடும்பத்திடம் இருக்கிறதா?

பதில்: இல்லை. ஃபிஷர் 1969-இல் அதை சி.எம்.எல். குழுமத்துக்கு விற்றுவிட்டார். 1989-இல் காலணி நிறுவனமான ரீபாக் வாங்கியது. அதன்பின் சில ஆண்டுகள் மெரிடியன் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்து, 1996-இல் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் கைக்குப் போனது. படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் மெர்க்குரி அவுட்போர்டு மோட்டார்களைத் தயாரிப்பதும் பிரன்ஸ்விக்தான். இந்த மாற்றங்களுக்கிடையே மாசசூசெட்ஸின் ராக்லண்டில் இருந்த தொழிற்சாலை மூடப்பட்டு, உற்பத்தி ஃபுளோரிடாவின் எட்ஜ்வாட்டருக்கு மாறியது. உரிமையாளர்கள் இத்தனை பேர் மாறியும் இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுரை நிரப்பும் முறையை ஒருவரும் கைவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: பழைய வேலர் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். அதன் வயதை எப்படி அறிவது? எதைச் சோதிக்கவேண்டும்?

பதில்: அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் தயாரான படகுகளுக்கு 12 எழுத்து-எண்கள் கொண்ட அடையாள எண் கட்டாயமானது. அது பின்பலகையின் வலப்புறத்தில் இருக்கும், பி.டபிள்யூ.சி. என்ற மூன்றெழுத்துடன் தொடங்கினால் அது பாஸ்டன் வேலர், கடைசி இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அதற்கு முந்தைய படகுகளில் வரிசை எண் மட்டுமே இருக்கும். அதை நிறுவனத்தின் ஆண்டுவாரி வரிசை எண் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் வயதை அறியமுடியும்.

சோதிக்கவேண்டியது ஈரம். மூடிய அறைகள் கொண்ட நுரை நீரை எளிதில் உறிஞ்சாது; ஆனாலும் முத்திரையிடாத திருகாணித் துளை வழியாகவோ, பின்பக்கத்தில் நீர் வடிவதற்காக வைத்த பித்தளைக் குழாய் அரித்துப்போன இடத்தின் வழியாகவோ பல ஆண்டுகள் நீர் கசிந்துகொண்டே இருந்தால் நுரை மெல்ல ஊறிவிடும். குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்து விரிவதால் ஓட்டுக்கும் நுரைக்கும் இடையிலான பிணைப்பும் விட்டுப்போகும். நுரையே படகின் விறைப்புக்குப் பொறுப்பு என்பதால் இது எடைப் பிரச்சினை மட்டும் அன்று. மோட்டாரையும் கழற்றக்கூடிய பிற பொருள்களையும் எடுத்துவிட்டுப் படகை எடைபோட்டு, நிறுவனத்தின் பட்டியலில் உள்ள எடையோடு ஒப்பிடுவதே நம்பகமான சோதனை. அடுத்தபடியாக, ரப்பர் சுத்தியலால் ஓடு முழுவதும் தட்டிப் பார்க்கவேண்டும். உறுதியான ஓசை ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே ஈரமோ பிரிவோ இருக்கக்கூடும். பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகையைத் தனியாகச் சோதிக்கவேண்டும். மோட்டாரின் முழுச் சுமையும் அதன்மீதுதான்.

ஓரிடத்தில் மட்டும் ஊறியிருந்தால் அந்தப் பகுதி ஓட்டை வெட்டித் திறந்து, கெட்ட நுரையை நீக்கி, உலர்த்தி, புது நுரை வைத்து மேலே கண்ணாடியிழை பதிக்கலாம். படகு முழுவதும் ஊறியிருந்தால் செலவும் உழைப்பும் படகின் மதிப்பை மீறிவிடும். எவ்வளவு அழகான பழைய படகாக இருந்தாலும் அதை வாங்கவேண்டாம் என்பதே என் பரிந்துரை.